தூக்கில் தொங்கிய ஃபெர்ரர்ஸ் பிரபு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குற்றவியல் சட்ட வகுப்பில் 'சித்த சுவாதீனம் இல்லாதவர் செய்த குற்றம்' என்ற பகுதி வரும்போதெல்லாம் இந்த மனிதரின் கதையைச் சொல்வது என் வழக்கம். மணி அடித்த பிறகும் நாலு பேர் மேசையைச் சுற்றி நின்றுகொண்டு ஏதாவது கேட்பார்கள். வருஷா வருஷம் கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

யார் சார் இந்த ஃபெர்ரர்ஸ் பிரபு? பெரிய ஆளா?

பெரிய ஆளெல்லாம் இல்லை. போரில் ஜெயிக்கவில்லை, மந்திரி ஆகவில்லை, எதையும் கண்டுபிடிக்கவில்லை. லாரன்ஸ் ஷெர்லி என்பது பெயர், நான்காம் ஃபெர்ரர்ஸ் எர்ல் என்பது பட்டம். 1720-ல் பிறந்தார், 1760 மே 5 அன்று, லண்டனில் தூக்குமேடை இருந்த டைபர்ன் என்ற இடத்தில் தூக்கிலிடப்பட்டார். அப்போது வயது 39. இங்கிலாந்தில் தூக்கில் போடப்பட்ட கடைசிப் பிரபு இவர்தான். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இன்றும் பெயர் நிற்கிறது.

அப்போ அவர் பெயர் ஷெர்லியா, ஃபெர்ரர்ஸா?

ஷெர்லி குடும்பப் பெயர், ஃபெர்ரர்ஸ் பட்டப் பெயர். அங்கே பிரபுக்களில் டியூக், மார்க்வெஸ், எர்ல், வைகவுன்ட், பாரன் என்று ஐந்து படி உண்டு. எர்ல் நடுப்படி. பட்டம் கிடைத்ததும் ஊரார் பட்டத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

குடும்பம் எப்படிப்பட்டது?

பழைய குடும்பம். லெஸ்டர்ஷயரில் ஸ்டான்டன் ஹெரால்ட் என்ற ஊரில் பண்ணை வீடு. இவர் முன்னோரில் ஒருவரான சர் ராபர்ட் ஷெர்லி, மன்னரின் தலையை வெட்டிவிட்டுக் குடியரசு நடந்துகொண்டிருந்த 1653-ல், துணிச்சலாக ஒரு தேவாலயம் கட்டத் தொடங்கினார். மன்னர் கட்சிக்காரர் என்பதால் சிறைக்குப் போய் லண்டன் கோபுரத்திலேயே 1656-ல் செத்துப்போனார். அந்தத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. பிற்பாடு 1711-ல்தான் குடும்பத்துக்கு எர்ல் பட்டம் வந்தது.

இவருக்கு முன் பட்டத்தில் இருந்தவர் பெரியப்பா ஹென்றி. சித்தம் பேதலித்தவர் என்று அடைத்துவைக்கப்பட்டிருந்தவர். அவர் 1745-ல் இறந்ததும் பட்டம் இவருக்கு வந்தது. இந்தப் பெரியப்பாவை மறந்துவிடாதீர்கள், விசாரணையில் திரும்ப வருவார்.

மனைவி ஏன் பிரிந்து போனார்? அந்தக் காலத்தில் பிரிய முடியுமா?

1752-ல் மேரி மெரிடித் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார். குடிக்காதபோது நல்ல மனிதர், குடித்தால் மிருகம் என்பது எல்லாரும் சொன்ன சாட்சி. ஒரு சம்பவம் போதும். லண்டனிலிருந்து ஒரு பீப்பாய் சிப்பி வரவழைத்தார், வந்தது கெட்டுப்போயிருந்தது. வழியில் வண்டிக்காரன் மாற்றிவிட்டான் என்று சத்தியம் செய்யும்படி வேலைக்காரனிடம் சொன்னார். தெரியாததை எப்படிச் சத்தியம் செய்வது என்று அவன் மறுத்தான். அவனைக் கத்தியால் குத்தி, மெழுகுவத்தித் தண்டால் மண்டையில் அடித்து, காலால் உதைத்தார். வேலைக்காரனுக்கு இந்தக் கதி என்றால் வீட்டுக்காரிக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பிரிவது லேசான காரியம் இல்லை. இவர்கள் விஷயத்தில் நாடாளுமன்றம் தனியாக ஒரு சட்டமே போடவேண்டியிருந்தது. 1758-ல் இவர்கள் இருவருக்காக மட்டும் அப்படி ஒரு சட்டம் போட்டார்கள். கொடுமை காரணமாகப் பிரிந்து வாழலாம், கணவர் சொத்திலிருந்து ஜீவனாம்சம் வரும். மறுமணம் மட்டும் கூடாது. பண்ணை வருமானத்தைப் பார்த்துக்கொள்ள அறங்காவலர்கள் வந்தார்கள். பிரச்சினையின் வேர் இதுதான்.

காரியஸ்தரை ஏன் சுட்டார்? எவ்வளவு பணம் சம்பந்தப்பட்டது?

ஐம்பது பவுண்டு. நம்ப முடியாதுதான்.

சட்டப்படி குத்தகையை வசூலித்துக் கணக்கு வைக்க ஒருவர் வேண்டியிருந்தது. ஜான் ஜான்சன் பல வருஷமாக அந்தக் குடும்பத்தில் வேலை பார்த்த காரியஸ்தர், வயதானவர். நம்ம ஆள்தானே, நாம் சொன்னபடி கேட்பான் என்று பிரபுவே அவர் பெயரைச் சொன்னார். ஜான்சனோ ஒழுங்காகக் கணக்கு வைத்தார். பிரபுவுக்குச் சொல்லாமல், பிரிந்து போன மனைவிக்கு ஐம்பது பவுண்டு கொடுத்தார். நிலக்கரிச் சுரங்க ஒப்பந்தம் ஒன்றிலும் எதிராளிகளோடு சேர்ந்துகொண்டார் என்று பிரபுவுக்குச் சந்தேகம். ஜான்சன் உழுதுகொண்டிருந்த பண்ணையைக் காலி செய்யச் சொன்னார். அறங்காவலர்கள் அதை ஏற்கெனவே ஜான்சனுக்குக் குத்தகை எழுதிக் கொடுத்திருந்தார்கள். தன் நிலத்திலிருந்து தன் வேலைக்காரனைத் தானே வெளியேற்ற முடியாத நிலை. அந்த மனிதருக்கு அதுதான் பொறுக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஐம்பது பவுண்டு ஒரு சாக்கு.

அன்றைக்கு என்னதான் நடந்தது?

1760 ஜனவரி 18, வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்கு வரும்படி ஜான்சனுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார். வீட்டில் அவரோடு வாழ்ந்துவந்த மார்கரெட் கிளிஃபோர்டு என்ற பெண்ணையும், அவர்களுக்குப் பிறந்த நான்கு பெண் குழந்தைகளையும் அந்த அம்மாளின் அப்பா வீட்டுக்கு நடந்து போய்வரச் சொல்லி அனுப்பினார். ஆண் வேலைக்காரர்களையும் ஒவ்வொரு வேலை சொல்லி வெளியே அனுப்பிவிட்டார். வீட்டில் மிஞ்சியது வேலைக்காரப் பெண்கள்தான்.

ஜான்சன் வந்ததும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைப் பூட்டினார். நான் அயோக்கியத்தனம் செய்தேன் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார். ஜான்சன் மாட்டேன் என்றார். மண்டிபோடு என்றார். அவர் ஒரு முழங்காலை ஊன்றினார். இன்னொன்றையும் ஊன்று என்று அதட்டும் குரல் கதவுக்கு வெளியே நின்ற பெண்ணுக்குக் கேட்டது. அப்புறம் துப்பாக்கிச் சத்தம். குண்டு இடது விலாவுக்குக் கீழே பாய்ந்தது.

ஜான்சன் உடனே சாகவில்லை. பிரபுவே ஆள் அனுப்பிப் பக்கத்து ஊர் ஆஷ்பியிலிருந்து கிர்க்லாண்ட் என்ற அறுவை வைத்தியரை வரவழைத்தார். குண்டு உடம்புக்குள்ளேயே தங்கிவிட்டது என்று அவர் சொன்னதும் பிரபுவுக்கு ஆச்சரியம். சில நாள் முன்புதான் இதே துப்பாக்கியைச் சோதித்துப் பார்த்தேன், ஒன்றரை அங்குலப் பலகையைத் துளைத்துக்கொண்டு போனதே என்றார். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பொழுது போகப் போகக் குடி ஏறியது. படுத்துக்கிடந்தவரைத் திட்டினார், பொய்முடியைப் பிடித்து இழுத்தார். ஜான்சன் பிழைத்துவிடுவார் என்று வைத்தியர் பொய் சொல்லிப் பிரபுவைத் தூங்கப் போகவைத்தார். நடு இரவு தாண்டியதும் ஆயுதம் ஏந்திய சிலரைக் கூட்டிவந்து ஜான்சனை அவர் வீட்டுக்குத் தூக்கிப் போனார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு உயிர் போயிற்று.

ஒரு பிரபுவை ஊர்க்காரர்கள் எப்படிப் பிடித்தார்கள்? பயமாக இருந்திருக்காதா?

இருந்தது. காலையில் கூட்டம் வீட்டைச் சூழ்ந்ததும் மேல்மாடி ஜன்னலில் தலையை நீட்டி, ஜான்சன் எப்படியிருக்கிறான் என்று கேட்டார். செத்துவிட்டார் என்றார்கள். பொய், வைத்தியர் சொன்னால்தான் நம்புவேன் என்றார். சரணடைகிறேன் என்றார், மறுபடி உள்ளே போய்விட்டார். இப்படியே சில மணி நேரம் போயிற்று.

பிறகு தோட்டத்துப் புல்வெளியில் கையில் பெரிய துப்பாக்கி, இடுப்பில் கைத்துப்பாக்கிகள், குத்துவாள் என்று உலாத்திக்கொண்டிருந்தார். கர்டிஸ் என்ற நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி நேரே அவர் முன்னால் நடந்துபோய் நின்றார். பிரபு ஆயுதங்களைக் கொடுத்துவிட்டார். அந்தத் தொழிலாளிக்கு ஒரு சிலை வைத்திருக்கலாம் என்பது என் கருத்து.

அவரை ஏன் உள்ளூர்க் கோர்ட்டில் விசாரிக்கவில்லை?

பிரபு மேல் கொலைக்குற்றம் என்றால் பிரபுக்கள் சபைதான் விசாரிக்கும். அதனால் லெஸ்டர் சிறையிலிருந்து ஆறு குதிரை பூட்டிய அவருடைய சொந்த லாண்டோ வண்டியிலேயே லண்டனுக்குக் கொண்டுவந்து கோபுரத்தில் வைத்தார்கள். 1760 ஏப்ரல் 16 முதல் 18 வரை மூன்று நாள் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரணை. பார்க்க லண்டனே திரண்டது. முடிவில் ஒவ்வொரு பிரபுவும் எழுந்து நெஞ்சில் கைவைத்து, என் மானத்தின் மேல் ஆணையாகக் குற்றவாளி என்றார்கள். இந்த முறை 1948 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. கடைசியாக அப்படி நடந்த வழக்கு 1935-ல்.

பைத்தியம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாமே?

அதைத்தான் சொன்னார். சிக்கல் எங்கே தெரியுமா? பிரபுக்கள் சபையில் நடந்த இந்த விசாரணையில் அவருக்காக வக்கீல் சாட்சியை விசாரிக்கவோ நடந்ததைப் பற்றி வாதாடவோ முடியாது. சட்ட நுணுக்கம் வந்தால் மட்டும் வாய் திறக்கலாம். முழு உரிமை 1836-ல்தான் வந்தது. ஆகவே ஃபெர்ரர்ஸ் தானே எழுந்து நின்று, சாட்சிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நான் பைத்தியம்தானே என்று கேட்டு நிரூபிக்கவேண்டியிருந்தது. நன்றாகக் கேட்டால் பைத்தியம் இல்லை என்று ஆகிவிடும். உளறினால் வழக்கு தோற்றுவிடும். அவர் நன்றாகவே கேட்டார்.

சொந்தத் தம்பிமார் கூண்டில் ஏறிப் பெரியப்பா ஹென்றியின் கதையைச் சொன்னார்கள். பெத்லெம் மனநோய் மருத்துவமனையின் வைத்தியர் ஜான் மன்ரோவும் வந்தார். காரணமில்லாத சண்டை, சந்தேகம், எப்போதும் ஆயுதம் வைத்துக்கொள்வது எல்லாம் பைத்தியத்தின் குறிகளா என்று பிரபு கேட்க, ஆமாம் என்று பொதுவாகப் பதில் சொன்னார். மனநோய் வைத்தியர் ஒருவர் நீதிமன்றத்தில் நிபுணராகச் சாட்சி சொன்ன மிகப் பழைய வழக்குகளில் இது ஒன்று.

அரசுத் தரப்பில் சார்லஸ் யார்க் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டார்: செய்வது என்ன, அது சரியா தப்பா என்று தெரியுமா, தெரியாதா? வேலைக்காரர்களை வெளியே அனுப்பியதையும் கதவைப் பூட்டியதையும் வைத்து மற்றதையெல்லாம் முடித்துவிட்டார்.

உங்கள் கருத்துப்படி அவர் பைத்தியமா இல்லையா?

வகுப்பில் இதற்கு மட்டும் நான் பதில் சொல்லாமல் நழுவுவேன். இங்கே சொல்லிவிடுகிறேன். மனநிலை சரியில்லாதவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சட்டம் கேட்பது வேறு கேள்வி. பலகையில் துப்பாக்கியைச் சோதித்தவருக்குத் துப்பாக்கி என்ன செய்யும் என்று தெரியும். 1843-ல் இங்கிலாந்து நீதிபதிகள் மக்நாட்டன் வழக்கை ஒட்டி வகுத்த விதியும் கிட்டத்தட்ட யார்க் கேட்ட கேள்விதான். இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ம் பிரிவுக்கு அது வந்து, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-ம் பிரிவாக இருக்கிறது. இந்த வாதத்தைச் சொன்னதற்கு வெட்கப்படுகிறேன், குடும்பத்தார் வற்புறுத்தினார்கள் என்று ஃபெர்ரர்ஸே சொன்னார். அதை வைத்து மட்டும் முடிவு கட்டவேண்டாம். தனக்குப் பைத்தியம் என்று ஒப்புக்கொள்ள எந்தப் பைத்தியத்துக்கும் வெட்கமாகத்தான் இருக்கும்.

பைரன் பிரபு ஆளைக் கொன்றுவிட்டுத் தப்பித்தாராமே, இவருக்கு மட்டும் ஏன் தூக்கு?

நல்ல கேள்வி. கவிஞர் பைரனின் பெரிய தாத்தா முறையான ஐந்தாம் பைரன் பிரபு, 1765-ல் லண்டன் விடுதி ஒன்றில் உறவினர் வில்லியம் சாவொர்த்தை வாளால் குத்திக் கொன்றார். பிரபுக்கள் சபை அதைக் கொலை என்று சொல்லாமல், கைகலப்பில் நேர்ந்த மரணம் என்றது. அந்த வகைக் குற்றத்தில் முதல் தடவை மாட்டிய பிரபுவுக்குத் தண்டனை இல்லை என்று ஒரு பழைய சலுகை இருந்தது. கட்டணத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

கொலைக்கு அந்தச் சலுகை கிடையாது. இருவருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். ஒருவர் சண்டையில் குத்தினார், மற்றவர் மண்டிபோடவைத்துச் சுட்டார்.

பிரபு என்றால் தலையைத்தானே வெட்டுவார்கள்?

அது தேசத்துரோகத்துக்கு. 1747-ல் லோவட் பிரபுவை வெட்டியது அப்படித்தான். கொலை என்றால் யாராக இருந்தாலும் கயிறுதான். தன் முன்னோரான எசெக்ஸ் எர்லை 1601-ல் வெட்டிய கோபுரத்திலேயே தன்னையும் வெட்டும்படி ஃபெர்ரர்ஸ் கேட்டுப் பார்த்தார். இரண்டாம் ஜார்ஜ் மன்னர் மறுத்துவிட்டார்.

கிடைத்த சலுகை நாட்கள்தான். 1752-ல் அமலுக்கு வந்த சட்டப்படி கொலைகாரனைத் தீர்ப்புக்கு மறுநாள் விட்டு அடுத்த நாளே தொங்கவிடவேண்டும். இவருக்கு இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள்.

கல்யாணச் சட்டையோடு தூக்குக்குப் போனது உண்மையா?

உண்மை. வெள்ளிச் சரிகை வேலை செய்த, வெளிர் நிறக் கல்யாண உடை. தண்டனையை நிறைவேற்றும் அதிகாரியான ஷெரீப் அனுப்பிய துக்க வண்டியில் ஏறாமல் அதே சொந்த லாண்டோவில், ஆறு குதிரையோடு போனார். காலை ஒன்பது மணிக்குக் கோபுரத்தை விட்ட ஊர்வலம் டைபர்ன் போய்ச்சேர ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு கூட்டம். இவர்கள் பிரபு தொங்குவதை இதற்கு முன் பார்த்திருக்கமாட்டார்கள் போலிருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷெரீப் பால் வையாங்டிடம் சொன்னார்.

டிரூரி லேன் பக்கம் வந்ததும் தாகம் எடுத்தது. தண்ணீர் கலந்த ஒயின் வேண்டும், நிறுத்தலாமா என்றார். நிறுத்தினால் கூட்டம் இன்னும் நெருக்கும் என்றார் ஷெரீப். சரிதான், நிறுத்தவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புகையிலையை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டார். எனக்கு இந்தக் கதையில் மறக்காத இடம் இதுதான். குடித்துவிட்டு ஆடிய மனிதர், கடைசி நாளில் ஒரு வாய் குடிக்காமல் புகையிலையோடு போகிறார்.

பட்டுக் கயிற்றில் தூக்கிலிட்டார்கள் என்கிறார்களே?

கட்டுக்கதை. எல்லாருக்கும் போடும் சணல் கயிறுதான். பட்டுக் கயிறு பிரபுவின் உரிமை என்று பிற்பாடு ஒரு பேச்சு கிளம்பிப் பாடப் புத்தகங்களில்கூட ஏறிவிட்டது. வருஷத்துக்கு ஒரு மாணவராவது இதைச் சொல்லாமல் இருப்பதில்லை.

புதுசாக இருந்தது மேடை. கறுப்புத் துணி போர்த்தி, நடுவில் சற்று உயர்த்திய பலகை, அதை இறக்கினால் ஆள் தொங்குவார். சாதாரணமாக வண்டியில் நிறுத்தி வண்டியை ஓட்டிவிடுவதுதான் வழக்கம். அன்று பலகை சரியாக இறங்காமல் அவர் கால்விரல் தரையைத் தொட்டது. காலைப் பிடித்து இழுத்துத்தான் முடித்தார்கள். அதற்குமுன் தூக்குப் போடுபவருக்கு என்று எடுத்த ஐந்து கினி தங்கக் காசைத் தவறுதலாக உதவியாளிடம் கொடுத்துவிட்டார். அவன் திருப்பித் தரமாட்டேன் என்று சொல்ல, மேடையிலேயே தகராறு. ஷெரீப் தலையிட்டுத் தீர்த்துவைத்தார்.

உடலை அறுத்தார்களா?

தீர்ப்பில் அதுவும் உண்டு. முன்பு சொன்ன அதே 1752 சட்டம், கொலைகாரன் உடலை அறுக்கவேண்டும் அல்லது சங்கிலியில் தொங்கவிடவேண்டும் என்கிறது. அறுவை வைத்தியர் மண்டபத்துக்குக் கொண்டுபோய்க் கழுத்திலிருந்து கீழே ஒரு கீறல் போட்டு மூன்று நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். பிறகு செயின்ட் பாங்க்ரஸ் தேவாலயத்தில் ஆழமாகப் புதைத்தார்கள். 1782-ல் எடுத்து ஸ்டான்டன் ஹெரால்டில் வைத்தார்கள்.

பட்டம் பறிபோய்விட்டதா?

இல்லை. தம்பி வாஷிங்டன் ஷெர்லி ஐந்தாம் எர்ல் ஆனார். அண்ணனுக்கு நேர் எதிர். கடற்படை அதிகாரி, வானியல் ஆர்வலர். 1761-ல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்ததைக் கவனித்து எழுதி ராயல் சொசைட்டியில் உறுப்பினர் ஆனார். டெர்பி ஓவியர் ஜோசப் ரைட், கோள்களின் இயக்கத்தைக் காட்டும் கருவியைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்பதாக வரைந்த புகழ்பெற்ற படத்தை 210 பவுண்டுக்கு வாங்கியவரும் இவர்தான். அண்ணன் சுட்டது ஐம்பது பவுண்டுக்கு என்று மேலே சொன்னேன் இல்லையா.

அந்த மனைவி என்ன ஆனார்?

விதவையானதும் தடை நீங்கியது. 1769-ல் ஃப்ரெடரிக் கேம்பெல் பிரபுவை மணந்தார். 1807-ல் கென்ட்டில் உள்ள வீட்டில் பிடித்த தீயில் இறந்தார். ஃபெர்ரர்ஸ் சாபம் விட்டதாகச் சொல்லும் கதையை நான் நம்புவதில்லை.

அந்த அம்மாளின் அண்ணன் சர் வில்லியம் மெரிடித் 1777-ல் நாடாளுமன்றத்தில் மரண தண்டனைக்கு எதிராகப் பேசினார். கணவனைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனதால் பிச்சை எடுக்கும் நிலைக்கு வந்து, கடையில் கொஞ்சம் துணியைத் திருடப் பார்த்ததற்காகக் கைக்குழந்தையோடு டைபர்ன் போன மேரி ஜோன்ஸ் என்ற இளம்பெண்ணைப் பற்றிய பேச்சு அது. அதே டைபர்னில் முன்பு தொங்கியவர் தன் தங்கையின் கணவர் என்பதை எண்ணாமல் அவர் பேசியிருக்க முடியாது.

எல்லாம் சரி, ஜான்சன் குடும்பத்துக்கு யாராவது ஏதாவது கொடுத்தார்களா?

இதை யாரோ ஒருவர்தான் எப்போதும் கேட்பார், அதுவும் கடைசியில். கோபுரத்தில் இருந்தபோது ஃபெர்ரர்ஸ் உயில் எழுதினார். ஜான்சனின் பிள்ளைகளுக்கு 1,300 பவுண்டு, தன் நான்கு பெண்களுக்குத் தலைக்கு 1,000 பவுண்டு, மார்கரெட் கிளிஃபோர்டுக்கு வருஷம் 60 பவுண்டு. ஆனால் தண்டனை விதிக்கப்பட்ட பிறகு எழுதிய உயில் செல்லாது, குற்றவாளியின் சொத்து அவருடையது இல்லை என்றது சட்டம். இருந்தாலும் கிட்டத்தட்ட அதே அளவு பணம் அவரவருக்குப் போய்ச்சேர்ந்ததாக அந்தக் காலத்தில் எழுதியிருக்கிறார்கள்.